மென்பொருளின் உள்ளறை – 17: பச்சைக் கோடு கேட்கும் கேள்வி

கடைகளில் பில் போடும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கை நம்பி, சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ் கணினியில் காலையில் திறந்தால் இரவு கடை சாத்தும்வரை ஓடும். அதை டாட் நெட் 8க்குக் கொண்டுபோகலாம் என்று அதன் நிரலாளர் முடிவு செய்கிறார். விஷுவல் ஸ்டுடியோவில் புதிய புராஜெக்ட் ஒன்றைத் திறக்கிறார். பழைய கோப்புகளை அப்படியே உள்ளே சேர்த்து பில்ட் கொடுக்கிறார்.

எர்ரர் ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழே உள்ள பட்டியலில் மஞ்சள் முக்கோணங்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. சிஎஸ் 8618, சிஎஸ் 8602, சிஎஸ் 8625 என்று எண்கள். கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி பச்சை நெளிகோடு. நிரலில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. இத்தனை ஆண்டுகளாக வாய் திறக்காமல் இருந்த கம்பைலர், ஒரே நாளில் இவ்வளவு சந்தேகம் கேட்பது ஏன்?

இந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே கேள்வியின் பல வடிவங்கள்: ‘இந்த இடம் காலியாக இருந்தால் என்ன செய்வாய்?’ அந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு.

நிரலில் ஒரு வாடிக்கையாளர், ஒரு பில், ஒரு ஜன்னல் என எந்தப் பொருளைக் கையாண்டாலும், மாறியின் கையில் இருப்பது அந்தப் பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரிச் சீட்டு மட்டுமே. சீட்டில் ஒன்றும் எழுதப்படாமல் இருந்தால் அதன் பெயர் ‘நல்’. வெற்றுச் சீட்டைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை. அதை நம்பி வீடு தேடிப் போகும்போதுதான் நிரல் விழுகிறது. ‘ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட் டு ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஆன் ஆப்ஜெக்ட்’ என்ற சாம்பல் நிறப் பெட்டியை, நிரல் எழுதத் தெரியாதவர்கள்கூட வங்கியிலோ மருத்துவமனை வரவேற்பறையிலோ திரையில் பார்த்திருப்பார்கள். அது வெற்றுச் சீட்டோடு வீடு தேடிப் போன நிரலின் கடைசி வார்த்தை.

இந்த ‘நல்’ மதிப்பை 1965இல் ஒரு நிரல்மொழிக்குள் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 1934இல் கொழும்பில் பிறந்த பிரிட்டிஷ்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும் தத்துவமும். பிறகு மாஸ்கோ போய் மொழிபெயர்ப்புக் கணினிகளைப் பற்றி ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் பாடமாக இருக்கும் குவிக்சார்ட் முறை அவருடையது. நிக்லஸ் விர்த்தோடு சேர்ந்து அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, முகவரிகளை எல்லாம் கம்பைலரே சோதித்துப் பாதுகாக்க வேண்டும் என்பதே அவருடைய இலக்கு. ஆனால் ‘ஒன்றும் இல்லை’ என்பதைக் குறிக்க ‘நல்’ சேர்ப்பது மிகச் சுலபமாக இருந்ததால் அந்த ஆசையை அடக்க முடியவில்லை என்று 2009இல் லண்டனில் நடந்த மென்பொருள் மாநாட்டில் அவரே சொன்னார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு, ‘நூறு கோடி டாலர் தவறு’ என்ற பொருள் தருவது.

அவர் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர் அல்லர் என்பதைக் காட்ட ஒரு செய்தி போதும். 1960இல் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த ஹோர், அங்கே அல்கால் 60 கம்பைலரை உருவாக்கினார். ஒரு வரிசைக்கு வெளியே நிரல் கைநீட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. சோதனைக்கு நேரம் செலவாகிறதே, வேகத்துக்காக அதை நிறுத்திவைக்க வழி தரட்டுமா என்று பின்னர் வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். அன்றைய கணினிகளின் வேகத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பதில் என்று தெரியும். தமது 1980ஆம் ஆண்டு டூரிங் விருது உரையில் ஹோர் இதை நினைவுகூர்ந்தார். அப்படிப்பட்டவர் கையாலேயே ‘நல்’ உள்ளே வந்தது.

வந்தது வந்ததுதான். சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா என்று வழிவழியாக இறங்கி, 2002இல் வெளியான சி ஷார்ப் 1.0க்குள்ளும் புகுந்தது. மொழியின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். டர்போ பாஸ்கலையும் டெல்ஃபியையும் தந்தவர். சி ஷார்ப்பில் எண், தேதி போன்ற மதிப்பு வகைகள் காலியாக இருக்கவே முடியாது. எழுத்துச் சரம், ஜன்னல், பட்டியல் போன்றவையோ எப்போது வேண்டுமானாலும் காலியாகலாம். பிறந்தநாள் தெரியாத வாடிக்கையாளருக்குத் தேதிப் பெட்டியில் என்ன போடுவது என்ற சிக்கலைத் தீர்க்க, 2005இல் சி ஷார்ப் 2.0 ஒரு கேள்விக்குறியைக் கொண்டுவந்தது. இன்ட் என்றால் எண். அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், எண்ணாகவும் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம்.

டெஸ்க்டாப் நிரலாளர் பலருக்கு இந்தக் கேள்விக்குறி அறிமுகமானது, விண்டோஸ் ஜன்னல்களை அமைக்க உதவும் டபிள்யூபிஎஃப் நூலகத்தின் செக்பாக்ஸில்தான். ‘இஸ்செக்டு’ என்ற பண்பு ஆம், இல்லை என்ற இரண்டோடு நிற்காமல், மூன்றாவதாகக் காலி நிலையையும் ஏற்கும். பத்துக் கோப்புகளில் சில மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்போது, மேலே உள்ள ‘அனைத்தும்’ பெட்டி டிக்கும் இல்லாமல் வெறுமையும் இல்லாமல் நிற்கிறதே, அந்த நிலை. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் டயலாகும் இதே வகையில்தான் பதில் தருகிறது. அதனால்தான் டபிள்யூபிஎஃப்பில் அதன் விடையை நேரடியாக ‘இஃப்’புக்குள் வைக்க முடியாது, ‘ட்ரூவுக்குச் சமமா’ என்று கேட்டாக வேண்டும்.

எண்களுக்குக் கிடைத்த அந்தத் தெளிவு, எழுத்துச் சரங்களுக்கும் பிற பொருள்களுக்கும் வந்துசேர இன்னும் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. 2019 செப்டம்பரில் டாட் நெட் கோர் 3.0வும் சி ஷார்ப் 8.0வும் ஒன்றாக வெளிவந்தன. மேட்ஸ் டோர்கர்சென் தலைமையிலான வடிவமைப்புக் குழு அதில் ஒரு பெரிய முடிவை எடுத்தது. இனிமேல் வெறும் ‘ஸ்ட்ரிங்’ என்று எழுதினால் அது காலியாக இருக்காது என்று பொருள். காலியாகலாம் என்றால் கேள்விக்குறி போட வேண்டும். அதுவரை எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகளின் பொருளையே இது திருப்பிப் போடுகிறது. திடீரென்று கட்டாயமாக்கினால் உலகில் உள்ள சி ஷார்ப் நிரல்களில் பெரும்பாலானவை மறுநாள் காலை பில்ட் ஆகாது. ஆகவே இரண்டு சலுகைகள் தரப்பட்டன. ஒன்று, விதி மீறினால் எர்ரர் வராது, எச்சரிக்கை மட்டுமே வரும். இரண்டு, புராஜெக்ட் கோப்பில் ‘நல்லபிள்’ என்ற அமைப்பை இயக்கினால்தான் அதுவும் வரும்.

முதல் இரண்டு ஆண்டுகள் பலர் அந்த அமைப்பைத் தொடவே இல்லை. 2021 நவம்பரில் டாட் நெட் 6 வந்தபோது நிலைமை மாறியது. புதிய புராஜெக்ட் உருவாக்கினால் அதன் கோப்பிலேயே ‘நல்லபிள்’ இயக்கப்பட்ட நிலையில் இருக்கும்படி மாதிரிகளை மாற்றிவிட்டார்கள். பழைய புராஜெக்ட்டை அதே கோப்போடு மேம்படுத்தியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புதிய புராஜெக்ட் திறந்து பழைய நிரலை உள்ளே போட்டவருக்கோ மஞ்சள் மழை. நம் பில் மென்பொருள்காரர் இரண்டாவது வழியில் வந்தவர்.

சரி, அந்த எச்சரிக்கைகள் என்ன சொல்கின்றன? டபிள்யூபிஎஃப் பழகிய எவரும் மனப்பாடமாக எழுதும் சில வரிகளிலேயே நான்கைந்து வந்துவிடும்.

திரையில் உள்ள மதிப்பு மாறினால் அறிவிக்கும் ‘ப்ராபர்ட்டி சேஞ்சுடு’ நிகழ்வு. அதற்கு யாரும் காது கொடுக்காதவரை அது காலிதான். எனவே அதன் வகைக்குப் பின்னால் கேள்விக்குறி வேண்டும் என்கிறது கம்பைலர். அடுத்து, அந்த நிகழ்வை எழுப்பும் துணைச் செயல்முறை. அழைத்த பண்பின் பெயரைக் கம்பைலரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று, பெயர் என்ற இடத்தில் இயல்பு மதிப்பாக ‘நல்’ போட்டு எழுதுவது வழக்கம். எத்தனையோ பாடநூல்களில் அப்படியே இருக்கும் வரி அது. காலியாகக் கூடாத ஸ்ட்ரிங்குக்குக் காலி மதிப்பைத் தருகிறாயே என்று சிஎஸ் 8625 வரும். கடிகாரம் காட்ட டிஸ்பாட்சர் டைமரை வைத்து, அதன் ‘டிக்’ நிகழ்வுக்குச் செயல்முறையை இணைத்தால் சிஎஸ் 8622. நிகழ்வை அனுப்பும் ‘சென்டர்’ காலியாக இருக்கலாம் என்று டாட் நெட் நூலகத்தில் இப்போது குறிக்கப்பட்டிருக்கிறது; நிரலாளர் எழுதிய செயல்முறையில் அந்தக் குறி இல்லை. இவை மூன்றுக்கும் ஒவ்வொரு கேள்விக்குறி போதும். ஐந்து நிமிட வேலை.

இவற்றைவிட ஆழமானது சிஎஸ் 8618. பொருள் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் முடியும்போது இந்த மாறிக்குள் ஏதாவது இருந்தே ஆக வேண்டும், நீ ஒன்றும் வைக்கவில்லையே என்பது அதன் புகார். டெஸ்க்டாப் செயலிகளில் இது குவியக் காரணம் உண்டு. ஜன்னலின் கன்ஸ்ட்ரக்டரில் கனமான வேலை செய்தால் திரை வரத் தாமதமாகும். அதனால் தரவுத்தள இணைப்பு, அச்சுப்பொறி அமைப்பு எல்லாவற்றையும் ‘லோடட்’ நிகழ்வில் வைப்பது நல்ல நிரலாளர்களின் பழக்கம். கன்ஸ்ட்ரக்டர் முடிந்து லோடட் வரும்வரை அந்த மாறிகள் காலிதான் என்பது உண்மை. அந்த இடைவெளியில் யாரும் தொட மாட்டார்கள் என்பது நிரலாளரின் நம்பிக்கை. கம்பைலருக்கு நம்பிக்கை தெரியாது. எழுதப்பட்டது மட்டுமே தெரியும். தொடக்க மதிப்புகளைத் தனிச் செயல்முறை ஒன்றில் வைத்து அதைக் கன்ஸ்ட்ரக்டரிலிருந்தே அழைத்தாலும், அது அந்தச் செயல்முறைக்குள் எட்டிப் பார்க்காது. ‘நான் முடிவதற்குள் இந்த மாறி நிரம்பியிருக்கும்’ என்று அந்தச் செயல்முறையின் தலையில் ஒரு குறிப்பு எழுதினால் ஒத்துக்கொள்ளும். டாட் நெட் 5இல் வந்த வசதி இது.

இத்தனையும் பார்த்துவிட்டு, எல்லாம் சம்பிரதாயக் கேள்விகள்தான் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. இதே பட்டியலில் சிஎஸ் 8602 என்ற எண்ணும் இருக்கிறது.

பில் மென்பொருள் தன் அச்சுப்பொறியின் பெயரை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறக்கும்போது ‘ஓப்பன் சப்கீ’ என்று கேட்டு அந்தக் கிளையைப் பெற்று, அதிலிருந்து பெயரை எடுக்கிறது. இரண்டே வரி. நிரலாளரின் கணினியில் அந்தக் கிளை என்றோ உருவாகிவிட்டது; அங்கே இந்த வரிகள் ஒருநாளும் தவறியதில்லை. புதிதாக வாங்கிய கணினியில் மென்பொருளை நிறுவி முதன்முறை திறக்கும்போது அந்தக் கிளையே இருக்காது. ‘ஓப்பன் சப்கீ’ பிழை எதுவும் சொல்லாது. அமைதியாக ‘நல்’லைத் திருப்பித் தரும். அடுத்த வரியில் செயலி விழும். கடைக்காரர் போன் செய்வார். நிரலாளர் தன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார், நன்றாக ஓடும். மறுபடி போன் வரும்.

அந்த ‘ஓப்பன் சப்கீ’ தரும் விடைக்குப் பின்னால் இப்போது நூலகத்திலேயே ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதனால்தான் அடுத்த வரியின் கீழே சிஎஸ் 8602 என்ற பச்சைக் கோடு. கடைக்காரர் போன் செய்வதற்கு முன்பே, நிரலாளரின் மேசையிலேயே அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிகிறது. ‘கிளை இல்லையென்றால் இயல்பான அச்சுப்பொறியை எடுத்துக்கொள்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. கோப்பின் பாதையிலிருந்து ஃபோல்டர் பெயரைப் பிரிக்கும் ‘கெட் டைரக்டரி நேம்’ செயல்முறையும் இப்படித்தான். சி டிரைவின் வேரையே கொடுத்தால் அதற்கு மேல் ஃபோல்டர் கிடையாது, விடை ‘நல்’. எக்ஸ்எம்எல் கோப்பில் இல்லாத ஒரு பண்பைக் கேட்டாலும் அதே விடைதான். எல்லாமே சாதாரண நாளில் வராத நிலைமைகள். வாடிக்கையாளரின் கணினியில் என்றாவது ஒருநாள் வந்தே தீரும்.

சம்பிரதாயக் கேள்வியும் உயிரான கேள்வியும் ஒரே மஞ்சள் முக்கோணத்தை மாட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நிற்பதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை. களைத்துப்போன நிரலாளர் எல்லாவற்றையும் ஒரே மருந்தால் குணப்படுத்தப் பார்க்கிறார். அந்த மருந்தின் பெயர் ஆச்சரியக்குறி.

ஒரு மாறிக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டால், ‘இது காலியில்லை, எனக்குத் தெரியும், நீ பேசாதே’ என்று கம்பைலருக்குச் சொன்னதாகும். பச்சைக் கோடு மறையும். மறைவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. கோட்லின் மொழியில் இதற்கு இணையாக இரட்டை ஆச்சரியக்குறி உண்டு. அங்கே அது ஓடும்போது உண்மையிலேயே சோதிக்கும். காலியாக இருந்தால் அந்த இடத்திலேயே நிரலை நிறுத்தும். சி ஷார்ப்பின் ஒற்றை ஆச்சரியக்குறி ஓடும்போது இருப்பதே இல்லை. வெற்றுச் சீட்டு இன்னும் பத்து வரி தள்ளி, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் வெடிக்கலாம். சில புராஜெக்ட்டுகளில் ‘நல்’லுக்குப் பின்னாலேயே ஆச்சரியக்குறி போட்டு மாறிகளுக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுத்திருப்பார்கள். லோடட் நிகழ்வில் நிச்சயமாக நிரம்பும் மாறிக்கு அது நியாயம்தான். ரெஜிஸ்ட்ரி விடைக்கு அதையே போடுவது, பதில் சொல்ல வேண்டிய கேள்வியைக் கடைக்காரர் தலையில் கட்டுவது.

கோடு இல்லாத இடமெல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. பத்து ஸ்ட்ரிங்குகளுக்கான வரிசை ஒன்றை உருவாக்கினால் பத்துமே காலியாகத்தான் பிறக்கும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு மாறி காலியில்லை என்று சோதித்துவிட்டு, இடையில் வேறொரு செயல்முறையை அழைத்து, அது அந்த மாறியைக் காலியாக்கிவிட்டாலும், பழைய சோதனையையே கம்பைலர் நம்பிக்கொண்டிருக்கும். கோட்லின் இந்த இடத்தில் கறாரானது: இடையில் மாறக்கூடிய பண்பு என்றால் முந்தைய சோதனையை ஏற்காது. சி ஷார்ப்பில் அவ்வளவு கறார் காட்டினால் எச்சரிக்கைகள் தாங்க முடியாத அளவுக்குப் பெருகும் என்பதால் தளர்த்தினார்கள். டபிள்யூபிஎஃப் நூலகத்தின் பெரும்பகுதியில் கேள்விக்குறிகள் இன்னும் எழுதப்படாததால், பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காதபோது ‘செலக்டட் ஐட்டம்’ காலியாக இருப்பதைப் பற்றி அங்கே எச்சரிக்கை வராது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் பக்கம் பதிப்புக்குப் பதிப்பு குறிகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. அதன் விளைவு, டாட் நெட் பதிப்பை உயர்த்தும்போதெல்லாம், தொடாத நிரலிலும் புதிய கோடுகள் முளைக்கும்.

எச்சரிக்கைதானே, இயக்கிப் பார்ப்போம் என்று ‘நல்லபிள்’ அமைப்பைத் தட்டிவிட்டவர்களுக்கு ஓர் இடத்தில் மட்டும் பெரிய அடி காத்திருக்கிறது. அது தரவுத்தளம். வகுப்புகளைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் இந்தக் கேள்விக்குறிகளைத் தானும் படிக்கிறது. வாடிக்கையாளர் வகுப்பில் ‘இரண்டாவது தொலைபேசி’ வெறும் ஸ்ட்ரிங்காக இருந்தால், பழைய நாள்களில் அந்தப் பத்தி காலியாக இருக்கலாம் என்று அது எடுத்துக்கொண்டது. அமைப்பை இயக்கிய கணத்திலிருந்து அதே ஸ்ட்ரிங், கட்டாயம் நிரப்பப்பட வேண்டிய பத்தியாகிவிடும். அடுத்த மைக்ரேஷனில் அட்டவணையின் அமைப்பையே மாற்றச் சொல்லும். மைக்ரேஷன் செய்யாமல் விட்டாலோ, இரண்டாவது எண் இல்லாத முதல் வாடிக்கையாளரைப் படிக்கும்போதே செயலி விழும். மைக்ரோசாஃப்டின் ஆவணங்களே இதைக் குறித்து முன்கூட்டி எச்சரிக்கின்றன. எனவே தரவு வகுப்புகளை முதலில் கையால் பார்த்து, எவையெல்லாம் காலியாகலாமோ அவற்றுக்குக் கேள்விக்குறி போட்ட பிறகே அமைப்பை இயக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பெரிய நிரல்களை ஒரே நாளில் மாற்ற யாரும் முயல்வதில்லை. சி ஷார்ப் கம்பைலரான ரோஸ்லினே சி ஷார்ப்பில் எழுதப்பட்டது. அந்தக் குழுவும் கோப்பு கோப்பாகத்தான் மாற்றியது. புராஜெக்ட் முழுதும் இயக்கிவிட்டு, இன்னும் பார்க்காத கோப்புகளின் தலையில் ‘இங்கே வேண்டாம்’ என்ற ஒற்றை வரி உத்தரவைப் போடலாம். ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து முடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிட வேண்டும். எங்கே தொடங்குவது? யாரையும் சார்ந்திராத சின்ன வகுப்புகளிலிருந்து. ஜன்னல்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். பில்ட் கொடுத்ததும் நூறு எச்சரிக்கைகள். ஒன்றையும் திருத்தாமல் மறுபடி பில்ட் கொடுத்தால் ஒன்றுகூட இல்லை. பிரச்சினை தானாகத் தீர்ந்ததாகச் சிலர் நம்பிவிடுகிறார்கள். மாறாத புராஜெக்ட்டை விஷுவல் ஸ்டுடியோ மறுபடி கம்பைல் செய்வதில்லை, அவ்வளவுதான். ‘ரீபில்ட்’ கொடுத்தால் நூறும் திரும்பி வரும். பட்டியல் ஒருவழியாகச் சுத்தமான பின், புராஜெக்ட் கோப்பில் ‘நல்லபிள்’ எச்சரிக்கைகளை மட்டும் எர்ரராக மாற்றும் வரியைச் சேர்த்துவிடுவது நல்லது. அதன் பிறகு புதிதாக எழுதப்படும் எந்த வரியும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பில்ட் ஆகாது.

அடுத்த வாரம்: ஒரே கோப்பை இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் திறக்கும்போது விண்டோஸ் போடும் பூட்டுகள்.